ஐம்பத்திரண்டு கிலோ

என் தங்கை ஜுசாராவின் தலைமுடியை வெட்டியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வல்தெசிர் மாஸ்டரைப் பற்றி நான் சொல்லப்போவதை எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த, ஒதலேயா?" என்று ஒருவரும் கேட்டுவிடக் கூடாது. கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது.

மனாவுஸ் நகரத்தில், கொம்பென்சா பகுதியில், பெண்களுக்குத் தலை பின்னிவிடும் கடை வைத்திருக்கிறேன். ஜுசாரா என்னைவிட ஐந்து வயது இளையவள். இருபத்தொரு வயதில் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தாள். ஒருநாள் டிக்கெட் வாங்காமல் பஸ்ஸின் சுழல்கம்பியைத் தாண்டிக் குதித்த ஒருவனை அவள் தடுத்தபோது கன்னத்தில் அறைந்துவிட்டான். சில்லறை போடும் மரப்பெட்டியாலேயே அவன் வாயில் ஓங்கி அடித்தாள். அவனுக்கு இரண்டு பல் போனது. இவளுக்கு வேலை போனது. அவள் கன்னம் வீங்கியிருந்ததைப் பற்றி கம்பெனியில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டுச் சுவரைக் குத்திக்கொண்டிருந்தாள். நான்தான் தெருமுனையில் இருந்த வல்தெசிரின் பயிற்சிக்கூடத்தைக் காட்டினேன். "சுவத்த விட்டுட்டு அங்க போய் மூட்டையக் குத்துடி. சுண்ணாம்பு உதிருது" என்றேன்.

குத்து, உதை, மல்யுத்தம், கையை முறுக்கிப் பிடிக்கிற பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை அங்கே கற்றுக்கொடுத்தார்கள். வல்தெசிருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். மல்யுத்தம் செய்து செய்து காது இரண்டும் கசங்கிச் சுருண்டுபோன மனிதர். பெண் பிள்ளைகள் எல்லோரையும் "மகளே" என்பார். அப்பன் இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் எப்படி இனிக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எங்களுக்கும் அப்பன் இல்லை.

ஆறு வருடத்தில் ஜுசாரா பன்னிரண்டு சண்டை போட்டாள். பதினொன்றில் ஜெயித்தாள். ஊரில் அவளுக்கு 'துக்கந்தேய்ரா' என்று பெயர் வந்தது. எங்கள் காட்டில் இருக்கும் கறுப்பு எறும்பு அது. கடித்தால் ஒரு பகல் ஒரு இரவு முழுக்கக் கடுப்பு நிற்காது. ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் அவள் தலையை நான்தான் மண்டையோடு ஒட்ட இறுக்கிப் பின்னுவேன். அதனால் எனக்கும் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்க அனுமதி அட்டை உண்டு. பின்னல், ஐஸ் பை, தண்ணீர் பாட்டில், இவ்வளவுதான் என் வேலை.

அவள் போட்டது எல்லாம் ஐம்பத்தேழு கிலோ பிரிவில். சாதாரண நாளில் அவள் எடை அறுபத்திரண்டு. ஐந்து கிலோவைக் கடைசி வாரத்தில் இறக்குவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். எடை பார்க்கும் காலையில் முகம் ஒட்டிப்போய் நிற்பாள்; மறுநாள் சாப்பிட்டுத் தேறிவிடுவாள்.

பிறகு தைனாரா வந்தாள். பரின்சின்ஸிலிருந்து படகேறி வந்த இருபது வயதுப் பெண். சவுக்கு மாதிரி சுழலும் கால். அவளும் ஐம்பத்தேழு கிலோ. இரண்டு மாதம் கழித்து மாஸ்டர் ஜுசாராவைக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"மகளே, நம்ம ஊர்லயே பெரிய நிகழ்ச்சி வருது. உன்னைக் கேக்கறாங்க. ஜெயிச்சா அடுத்தது பட்டத்துக்கான சண்டை."

ஜுசாரா துள்ளிக் குதித்தாள்.

"ஆனா ஐம்பத்திரண்டு கிலோவுல."

"ஐம்பத்திரண்டா? மாஸ்டர், என் எலும்பே ஐம்பத்திரண்டு இருக்கும்."

"ஐம்பத்தேழுல இடமே இல்லன்னு சொல்லிட்டாங்க. நான் கெஞ்சிப் பாத்துட்டேன். உனக்காக நான் கெஞ்ச மாட்டேனா?"

அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

அடுத்த இரண்டரை மாதம் எங்கள் வீட்டில் சமையல் வாசனையே இருக்கக் கூடாது. வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, கீரை, அவ்வளவுதான். நான் தம்பாக்கி மீனையும் மரவள்ளி மாவையும் பக்கத்து வீட்டுக்குப் போய் ஒளிந்து தின்றேன். அவளுக்கு மாதவிலக்கு நின்றுபோனது. மாடிப்படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒருநாள் நான் மாஸ்டரிடம் போய், "இவளால முடியுமா? டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று கேட்டேன்.

"நீ முடியைப் பாரு. சண்டைய நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

எடை பார்க்கிற நாள் வந்தது. பொந்தா நெக்ராவில் ஆற்றைப் பார்த்த ஹோட்டல். பதினோரு மணிக்குள், அரைக் கிலோ சலுகையோடு, ஐம்பத்திரண்டரைக்கு வர வேண்டும். காலை ஆறு மணிக்கு ஜுசாரா ஐம்பத்து நாலுக்கு நூறு கிராம் குறைவாக இருந்தாள். உப்புப் போட்ட கொதிக்கிற தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை அமுக்கினார்கள். வெளியே எடுத்து கம்பளியில் சுற்றிப் படுக்கவைத்தார்கள். மறுபடி தொட்டி. வாயில் பபுள்கம்மைத் திணித்து, ஊறுகிற எச்சிலை டம்ளரில் துப்பச் சொன்னார்கள். எட்டு மணிக்கு அவளிடம் துப்புவதற்கு எச்சில் இல்லை. இன்னும் முந்நூற்றைம்பது கிராம் மிச்சம் இருந்தது.

மாஸ்டர் அவள் தலையைப் பார்த்தார். இடுப்புவரை வந்த முடி, முந்தின நாள் நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பின்னியது.

"அதுவே நூத்தைம்பது கிராம் இருக்கும்" என்றார்.

"முடியத் தொடாதீங்க, மாஸ்டர்." குரலே வரவில்லை அவளுக்கு.

"முடி வளந்துரும் மகளே. இந்தச் சண்டை திரும்பி வருமா? ஒதலேயா, உன் பையில கத்தரிக்கோல் இருக்குமே?"

ஜுசாரா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்றுதான் பார்த்தாள். எனக்கு அது தெரிந்தது. நான் கத்தரிக்கோலை எடுத்தேன். ஒவ்வொரு பின்னலாக, அடியோடு வெட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழக்கூட அவள் உடம்பில் தண்ணீர் இல்லை.

இன்னும் இருநூறு கிராம். மாஸ்டர் தன் கறுப்புக் காரை வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு பிளாஸ்டிக் சட்டையை மாட்டி அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றி, ஹீட்டரையும் போட்டுவிட்டார்.

நான் முடியை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஹோட்டல் வரவேற்பறை வழியாக வந்தேன். அங்கே அரோல்து காபி குடித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் யாருக்கும் சண்டை என்று ஜோடி சேர்க்கிறவர் அவர்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கைகொடுத்தார்.

"துக்கந்தேய்ராவோட அக்காதானே? ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உன் தங்கச்சி ஏன் ஐம்பத்தேழு வேணாம்னுட்டா?"

"இடம் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நானா? நான் ஐம்பத்தேழுக்குத்தானம்மா அவளைக் கேட்டேன்! பேரை எழுதிக்கூட வெச்சிருந்தேன். வல்தெசிர்தான் போன் பண்ணி, 'அவ ஐம்பத்திரண்டுக்கு இறங்கணும்னு ஆசைப்படறா, அந்த இடத்துல என் தைனாராவைப் போடுங்க'ன்னார். ரெண்டு பேரும் நல்ல பொண்ணுங்க, எனக்கென்ன? போட்டுட்டேன்."

அவர் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என் காதில் விழவில்லை. ஒரே கூடத்துக்கு ஒரே எடையில் இரண்டு இடம் கொடுக்க மாட்டார்கள். மாஸ்டருக்கு இரண்டு பெண்களும் வேண்டும், இரண்டு சண்டையும் வேண்டும், இரண்டிலும் அவர் பங்கு வேண்டும். இளையவளுக்கு நல்ல இடம். என் தங்கையைச் சுண்டவைத்து மிச்சமிருந்த இடத்தில் அடைக்கலாம். கேட்டால் கெஞ்சினேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சொல்வதா வேண்டாமா என்று நான் யோசிக்கவில்லை. காருக்குப் போனேன். மாஸ்டர் மரத்தடியில் போன் பேசிக்கொண்டிருந்தார். பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். அடுப்புக்குள் தலையை விட்டது போல இருந்தது. ஜுசாரா தலையைச் சாய்த்துக் கிடந்தாள். காதோரமாகக் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"திரும்பச் சொல்லு" என்றாள்.

திரும்பச் சொன்னேன்.

மேலே மாட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டையைக் கழற்றி எறிந்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கினாள். நிற்க முடியாமல் காரைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் ஓடிவந்தார்.

"என்ன மகளே? இன்னும் பத்து நிமிஷம்தான். உள்ள போ."

"அக்கா, தண்ணி குடு."

"தண்ணியா? பைத்தியமா உனக்கு?"

நான் ஒன்றரை லிட்டர் பாட்டிலை நீட்டினேன். மாஸ்டர் அதைப் பிடுங்கப் போனார். ஜுசாரா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். உடம்பில் ஒன்றுமே இல்லாத அந்த நேரத்திலும் அவர் கையை அவரால் இழுக்க முடியவில்லை.

"அரோல்துகிட்ட யார் போன் பண்ணது?" என்றாள்.

மாஸ்டரின் முகம் மாறியது. உடனே சரியாகவும் ஆகிவிட்டது. "மகளே, உன் நல்லதுக்குத்தான். ஐம்பத்திரண்டுல நீதான் பெரிய ஆளா இருப்ப. மேல வந்து உக்காந்து பேசலாம், வா."

"நீ பேசாத."

ஆறு வருடமாக அவரை 'நீங்க' என்று தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை அவள்.

"என்னது?"

"நீ பேசாதன்னேன். என் ரத்தம் நின்னு ரெண்டு மாசம் ஆச்சு. நீ எனக்காகக் கெஞ்சினியா? எந்தக் கால்ல விழுந்து கெஞ்சின? காட்டு, நானும் பாக்கறேன்!"

பாட்டிலை அண்ணாந்து குடித்தாள். கொஞ்சம் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தாள். பாட்டில் காலியாகும்வரை நிறுத்தவில்லை.

பத்தே முக்காலுக்கு எடை மேடையில் ஏறினாள். கிட்டத்தட்ட ஐம்பத்து நாலு காட்டியது. அதிகாரி, எடை தவறிவிட்டது என்று அறிவித்தார். இருந்த கேமராக்கள் எல்லாம் திரும்பின. ஒட்டக் கத்தரித்த தலையோடு, உதடு வெடித்து, ஜுசாரா அங்கே நின்று சொன்னாள்: "எனக்கு ஐம்பத்தேழுல இடம் இருந்தது. என் மாஸ்டர் அதை எனக்குத் தெரியாம வேற ஆளுக்குக் குடுத்துட்டு, என்னை உயிரோட காயப்போட்டார். நான் தவறிப்போகல. வேணும்னே தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கேன்."

"சூட்டுல மூளை கலங்கிப்போச்சு பாவம்" என்று மாஸ்டர் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

கோபப்பட இன்னொருத்திக்கும் காரணம் இருந்தது. எதிராளி மிலேனா, குரிச்சிபாவிலிருந்து வந்தவள், சரியான எடையில் நின்றாள். நேராக வந்து ஜுசாராவின் முகத்துக்கு முன்னால் நின்றாள்.

"நானும்தாண்டி பட்டினி கெடந்தேன். நீ வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு வந்து நியாயம் பேசறியா?"

"நீ கேக்கறது சரிதான்" என்றாள் ஜுசாரா. "நாளைக்கு வந்து அடி. வாங்கிக்கறேன்."

"அடிக்கத்தான் போறேன்" என்றாள் மிலேனா. விதிப்படி ஜுசாராவின் கூலியில் ஒரு பங்கு மிலேனாவுக்கு அபராதமாகப் போக, சண்டை நடக்கும் என்று முடிவானது.

அறைக்கு வந்ததும் ஜுசாரா என்னைக் கேட்டாள்: "உனக்கு எப்பத் தெரியும்?"

"வெட்டினதுக்கு அப்புறந்தான். சத்தியமா."

"வெட்டறதுக்கு முன்னாடி, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'வேணாம்'னு சொல்ல உனக்கு வாய் வரலயா?"

நான் வெட்டிய முடி இருந்த பையை இறுக்கிக் கட்டினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை, மாஸ்டரும் அவருடைய ஆட்களும் ஜுசாராவின் பக்கம் வரவில்லை. கூண்டில் அவள் மூலையில் நான் ஒருத்திதான். ஐஸ் பையும் ஸ்டூலும் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. முதல் சுற்றிலேயே அவள் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே அடித்தாள். இடைவேளையில் நான் வாயைத் திறந்தேன்.

"பேசாத. ஐஸ் வை."

இரண்டாம் சுற்றில் மிலேனா அவளைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்து முழங்கையால் குத்தினாள். புருவம் கிழிந்தது. அரங்கம் முழுக்க "துக்கந்தேய்ரா! துக்கந்தேய்ரா!" என்று கத்தியது. மூன்றாம் சுற்றில் ஜுசாரா எழுந்துகொண்டு, கடைசி இரண்டு நிமிடம் மிலேனாவைக் கூண்டுக் கம்பியில் சாத்திவைத்து மாறிமாறி அடித்தாள். போதவில்லை. மூன்று நடுவரும் மிலேனாவுக்குத்தான் கொடுத்தார்கள். நியாயமான தீர்ப்பு. அதே கூண்டில் ஒரு மணி நேரம் கழித்து தைனாரா ஜெயித்தாள். மாஸ்டர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிவந்தார்.

வானொலியில் மறுநாள் சொன்னார்: "நன்றி கெட்ட பொண்ணு. ஆனாலும் என் மகதான். திரும்பி வந்தா கதவு திறந்திருக்கும்."

நான் ரேடியோவைத் தூக்கித் தரையில் போட்டேன். ஜுசாரா துடைப்பத்தை எடுத்து வந்து பெருக்கினாள்.

எட்டு மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் என்னிடம் பேசவில்லை. "உப்பு எங்க?" "கதவைப் பூட்டிட்டியா?" இவ்வளவுதான். காலையில் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பழைய கிடங்கில் இரண்டு மல்யுத்தக்காரர்களோடு பயிற்சி செய்தாள். ஐம்பத்தேழுக்கே திரும்பிப்போனாள். வெளியூர்களில், சின்னச் சின்ன அரங்குகளில், இரண்டு சண்டை ஜெயித்தாள். யாரையும் மூலையில் நிற்க என்று கூட்டிப்போனாளோ தெரியாது. என்னைக் கூட்டிப்போகவில்லை.

ஒன்பதாவது மாதம் ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முடி விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது.

"பின்ன வருமா இது?"

"வரும். சின்னச் சின்னதா பின்னலாம்." "ஜுசாரா, அன்னைக்கு நான்..."

"மன்னிப்பெல்லாம் கேக்காத. எரிச்சலா வருது. பின்னு, இறுக்கமாப் பின்னு." மூன்றாவது பின்னல் முடிந்தபோது, கண்ணாடியில் என்னைப் பார்க்காமலே, "அடுத்தது தைனாராவோட" என்றாள்.

அந்தச் சண்டைக்கு மனாவுஸில் டிக்கெட் கிடைக்கவில்லை. எதிர் மூலையில் மாஸ்டர், வெள்ளைச் சட்டையில், கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார். தைனாரா முதல் சுற்றில் நன்றாக உதைத்தாள். ஜுசாராவின் தொடை கன்றிப்போனது. இரண்டாம் சுற்றில் ஜுசாரா அந்தக் காலைப் பிடித்துவிட்டாள். கீழே தள்ளி, மார்பின் மேல் ஏறி உட்கார்ந்தாள். அடித்தாள். இப்போது சொல்கிறேன், நான் பயந்துவிட்டேன். கை தைனாராவின் முகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கண் மாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவர் அவளை இடுப்போடு கட்டித் தூக்கினார்.

கூண்டுக் கதவு திறந்ததும் மாஸ்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் வந்தார்.

"ரெண்டு பேரும் என் மகளுங்கதான்! யார் ஜெயிச்சாலும் எனக்கு..."

"யாருடா உன் மக?" என்றாள் ஜுசாரா. மைக்கில் அது அரங்கம் முழுக்கக் கேட்டது. "உன் ஆளு அங்க ஸ்டூல்ல ரத்தம் கக்கிக்கிட்டு இருக்கா. நீ இங்க கேமராவுக்கு முன்னாடி நிக்கற. போடா அங்க."

கூட்டம் ஊளையிட்டது. அவர் சிரித்துக்கொண்டே நழுவினார். அவள்தான் தைனாராவிடம் போனாள். நான் ஐஸ் பையோடு பின்னால் போனேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு கண் மூடிப்போயிருந்தது.

"அவர் மேல இருக்கிற கோவத்தை என் மூஞ்சில தீத்துக்கிட்ட" என்றாள் தைனாரா.

"ஆமா."

"எனக்கு அப்ப ஒண்ணுமே தெரியாது. உனக்கு இடம் இல்லன்னுதான் என்கிட்டயும் சொன்னார்."

"தெரியும்" என்றாள் ஜுசாரா. "தெரிஞ்சுதான் அடிச்சேன். அதுக்கு நீ என்னைத் திட்டு." என்னிடமிருந்து ஐஸ் பையை வாங்கி அவள் கண்ணில் வைத்தாள். தைனாரா தட்டிவிட்டாள். ஜுசாரா மறுபடி வைத்தாள்.

அதற்குப் பிறகு ஜுசாரா மூன்று வருடம் சண்டை போட்டாள். பட்டத்துக்கான சண்டை ஒரே ஒரு முறை, ரியோவில் கிடைத்தது. ஐந்து சுற்றும் நின்று தோற்றாள். தோள்பட்டை இரண்டு முறை கழன்ற பிறகு முப்பத்திரண்டு வயதில் நிறுத்தினாள். வல்தெசிர் இன்னும் அதே தெருமுனையில்தான் இருக்கிறார். அவர் கூடத்தில் ஏசி போட்டுவிட்டார்கள். போன வருடம் நகராட்சியில் அவருக்கு மாலை போட்டு, 'பெண்களை வளர்த்தெடுத்தவர்' என்று எழுதிக்கொடுத்தார்கள்.

போன பிப்ரவரியில் ஒரு அம்மா தலை பின்னிக்கொள்ள என் கடைக்கு வந்தாள். பதினேழு வயது மகளை அந்தக் கூடத்தில் சேர்க்கலாமா என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, கார், கத்தரிக்கோல், ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த அம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். அடுத்த வாரம் மகளை அங்கேயே சேர்த்தாள். "பேர் பெத்த ஆளாச்சே" என்றாளாம்.

இதை ஜுசாராவிடம் சொன்னபோது அவள் மீனுக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு அப்படியே கிளம்பினாள். மாலை நான்கு மணி, பயிற்சி தொடங்குகிற நேரம். கூடத்தின் கேட்டில் போய் நின்றுகொண்டு, உள்ளே போன ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்தினாள்.

"உன் எடை என்ன? எவ்வளவுல சண்டை போடச் சொல்றான்? ரத்தம் மாசாமாசம் வருதா? ஜோடி சேக்கறவன்கிட்ட நீயே நேராப் பேசினியா? பேசு. நம்பர் என்கிட்ட இருக்கு, எழுதிக்கோ."

சில பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். சிலர் எழுதிக்கொண்டார்கள். வல்தெசிர் வெளியே வந்து, "இது என் இடம், போ" என்றார்.

"இது ரோடு. உன் அப்பன் போட்ட ரோடா?"

அவர் போலீசைக் கூப்பிட்டார். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் அவளைப் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நீங்க துக்கந்தேய்ராதானே?" என்று கேட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டார். ரோட்டில் நிற்பதற்கு வழக்கு ஒன்றும் கிடையாது என்று வல்தெசிரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் இப்போது நாங்கள் போகிறோம். நான் கடையை மூன்றரைக்கே சாத்திவிடுவேன். எடை பார்க்கிற கருவி ஒன்றை வாங்கி நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். போன வாரம் தைனாராவும் எங்களோடு வந்து நின்றாள்.